மட்டக்களப்பிலிருந்து றொக் பாடுவது எப்படி: சொந்தப் பாட்டோடு தனியாகப் புறப்படுபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊரில் கச்சேரி என்றால் அரச செயலகம். கோட்டைக்குள் நீண்டகாலம் இயங்கிய அந்த அலுவலகத்தின் பெயர் நாவில் அப்படியே தங்கிவிட்டது. ஆகவே "மகன் கச்சேரிக்குப் போகிறான்" என்று ஒரு தாய் பெருமையோடு சொன்னால், அவன் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்று எண்ணிவிடாதீர்கள். நான் இரண்டு கச்சேரிக்கும் போகிறவன். பகலில் கோப்பு, இரவில் கிற்றார். பதினெட்டு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. பகல் வேலையை விட்டுவிடுங்கள் என்று இந்த வழிகாட்டியில் எங்கும் சொல்லப்போவதில்லை.

இது யாருக்கு? தானே எழுதி, தானே மெட்டமைத்து, றொக் இசையில் தானே பாடி, எந்த இசை நிறுவனத்தின் முதுகிலும் ஏறாமல் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்தபடி வெளியிட நினைப்பவருக்கு. இணையத்தில் இதற்கான ஆலோசனைகள் ஏராளம். அவை எல்லாம் ஊருக்கு ஊர் இசைக்கூடம், வாரம் தவறாமல் கிற்றார் கேட்கும் மதுக்கூடம் என்று எங்களிடம் இல்லாதவற்றிலிருந்து தொடங்குகின்றன. எனக்கு உதவிய ஒழுங்குமுறை வேறொரு இடத்திலிருந்து வந்தது. எங்கள் கூத்தைப் பழக்கி மேடையேற்றும் ஆசான்களான அண்ணாவியார்கள் பல தலைமுறையாகக் கடைப்பிடிக்கும் வரிசை அது: சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம், பிறகு வீட்டுக்கு வீடு ஆடுதல். எந்த நிறுவனத்தின் தயவும் இல்லாமல் ஒரு கலைப்படைப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை கொண்டுபோக அதைவிடத் தெளிவான திட்டத்தை நான் கண்டதில்லை. அந்த வரிசையிலேயே போவோம்.

முதற்படி: சட்டம்

கூத்தில் சட்டம் என்பது ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அண்ணாவியார் எழுதிக் கொடுக்கும் பாட்டும் வசனமும். அது கைக்கு வராமல் ஒருவரும் காலைத் தூக்குவதில்லை. றொக் பாட ஆசைப்படும் இளைஞர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் கிற்றார், பிறகு இரைச்சல் தரும் பெடல், பிறகு குழுவுக்கு ஒரு பெயர், பிறகு அந்தப் பெயர் போட்ட ரீசேட். பாட்டு கடைசியில், அதுவும் அரைகுறையாக.

பத்துப் பாட்டு எழுதி முடிக்கும் வரை எதையும் வாங்காதீர்கள். பத்தில் ஏழு குப்பையாக இருக்கும். எஞ்சிய மூன்றோடு புறப்படலாம்.

தமிழில் றொக் எழுதும்போது முதலில் காலை வாருவது குறிலும் நெடிலும்தான். ஆங்கிலப் பாடகர் ஓர் உயிரை எவ்வளவு இழுத்தாலும் சொல் பெரும்பாலும் அதே சொல்லாகவே இருக்கும். தமிழில் இழுத்தால் வேறு சொல் பிறந்துவிடும். என் முதற்பாட்டின் பல்லவி "என்னை விடு" என்று உச்சத்தில் முடியும். நான் அந்த 'வி'யை நான்கு தாளத்துக்கு இழுத்து வைத்திருந்தேன். மேடையை விட்டு இறங்கியதும் மாமி கேட்டார்: "தம்பி, ஏன் வீடு வீடு என்று கத்தினாய்? காணிப் பிரச்சினையா?" அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். நீண்ட சுரம் வரும் இடத்தில் நெடில் இருக்க வேண்டும். ஆ, ஏ, ஓ மூன்றும் தொண்டையைத் திறந்து விடுகின்றன, உச்சத்துக்கு அவையே நல்லவை. குறிலைத் தாளத்தில் வெட்டிப் பாடுங்கள். 'படு' என்பதும் 'பாடு' என்பதும் ஒன்றல்ல என்பதைக் கேட்பவரின் காது மறப்பதில்லை.

மெட்டைப் பற்றி ஒரு நல்ல செய்தி இருக்கிறது. றொக் கிற்றாரின் அடித்தளமான பவர் கோட் என்பதில் இரண்டே சுரங்கள்: ஆதாரமும் அதன் ஐந்தாவதும். எங்கள் கணக்கில் ச, ப. தம்புரா காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருப்பதும் அதையேதான். மூன்றாவது சுரமான காந்தாரம் அதில் இல்லாததால் அது மகிழ்ச்சியையும் சொல்வதில்லை, துயரத்தையும் சொல்வதில்லை. அந்த வேலையை உங்கள் குரலுக்கு விட்டுவிடுகிறது. ஆகவே கிற்றார் ஆதார சுருதியை விட்டு நகராத வரை, ஏறத்தாழ எந்த இராகத்தின் சாயலையும் அதன்மேல் வைத்துப் பாடலாம். இரைச்சல் கூட்டிய ஒலியில் முழு கோட் வாசித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று உரசிப் புதிய ஒலிகளைக் கிளப்பிக் கலங்கலாகிவிடும். ச, ப மட்டும் என்றால் தெளிவாக நிற்கும். இதைக் கண்டுபிடித்த பிறகு எனக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை.

தாளத்துக்கும் வெளியே போக வேண்டாம். ஐரோப்பிய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியரின் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்தில் வயலினும் கிற்றாரும் மாண்டலினும் றபான் என்ற கைப்பறையும் தலைமுறைகளாக ஒலிக்கின்றன. ஆறு எண்ணிக்கையில் துள்ளும் அந்த நடை பைலா என்ற ஆட்டப்பாட்டுக்குள்ளும் ஓடுகிறது. கிற்றார் இந்த ஊருக்கு நேற்று வந்த பொருள் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். எங்கள் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடியின் மத்தளத் தாளக்கட்டுகளை ட்ரம்ஸில் அடித்துப் பாருங்கள், காதுக்குப் புதிதாகவும் காலுக்குப் பழகியதாகவும் இருக்கும். அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கத்து முஸ்லிம் கிராமங்களின் நாட்டார் கவிகளையும் கேளுங்கள். நான்கே அடியில் ஒரு காதலையும் அதன் முறிவையும் சொல்லிவிடும் கலை அது. றொக் பாட்டுக்கு இடைப்பகுதி எழுதத் திணறும் நேரத்தில் அந்தக் கவிகள் எனக்கு வாத்தியாராக இருந்திருக்கின்றன.

பேச்சுமொழியில் எழுதுவதா, எழுத்துமொழியிலா? என் தீர்ப்பு: பாட்டுக்குள் பேசுகிறவர் யார் என்று முடிவு செய்யுங்கள், அவர் எப்படிப் பேசுவாரோ அப்படி எழுதுங்கள். வாழைச்சேனை மீனவர் ஒருவர் பேசினால் அவர் வாயில் 'பிறகு' என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல்லான 'மறுகா' வரட்டும். சென்னைத் திரைப்பாட்டின் தமிழை அவர் வாயில் திணித்தால் ஊரிலேயே சிரிப்பார்கள்.

இரண்டாம் படி: ஆட்கள்

மூன்று பேர் போதும். கிற்றாரும் பாட்டும் நீங்கள், பேஸ் ஒருவர், ட்ரம்ஸ் ஒருவர். நல்ல ட்ரம்ஸ்காரர் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் திருவிழா இசைக்குழுக்களிலும் இருக்கிறார். ஆனால் திருவிழாக் காலத்தில் அவரைப் பிடிக்க முடியாது. கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம் பயிலும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது வீட்டில் ரகசியமாக றொக் கேட்பவராக இருப்பார்.

திறமையைவிட நேரத்துக்கு வருவதைப் பாருங்கள். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

மூன்றாம் படி: சதங்கைக்கு முன் கையெழுத்து

கூத்தில் ஆட்டம் ஓரளவு பழகிய பிறகு, ஊர் கூடியிருக்கச் சதங்கை அணிவார்கள். அதுவரை விலகிப் போகலாம், அதன்பின் விலகினால் மானக்கேடு. குழுவுக்கும் அப்படி ஒரு நாள் தேவை. என் ஆலோசனை, அன்று ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். என் பாட்டொன்றை இலவசமாகப் பதிவு செய்து தருவதாகச் சொன்ன ஒருவர், பிறகு அதைத் தன் பெயரில் வெளியிட்டார். வாய்ப்பேச்சு மட்டுமே இருந்தது. பாட்டு இன்றும் இணையத்தில் இருக்கிறது, எழுதியவர் இடத்தில் என் பெயர் இல்லை.

ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் உண்டு என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். வரியும் மெட்டும் ஒன்று, குறிப்பிட்ட ஒலிப்பதிவு மற்றொன்று. எழுதியவரும் பதிவுக்குச் செலவழித்தவரும் வேறுவேறு ஆட்களாக இருக்கலாம். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இவற்றைக் காக்கிறது. பாட்டு உருவான கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது, எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. ஆக்கியவரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டும் அது நிலைக்கும். ஆனால் தகராறு வந்தால் எப்போது எழுதினீர்கள் என்று காட்ட வேண்டியவர் நீங்கள்தான். கொப்பியில் திகதி போடுங்கள், முதல் வரைவைக் கைபேசியில் பாடி உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். தாளில் இருக்க வேண்டியவை: பாட்டின் பெயர், வரி யார், மெட்டு யார், யாருக்கு எத்தனை வீதம், பதிவு யாருக்குச் சொந்தம், குழு கலைந்தால் என்ன. அரைப்பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

கூத்துப் பாட்டையோ கண்ணகி குளிர்த்தி வரிகளையோ எடுத்து றொக் செய்ய விரும்பினால், பழைய பாட்டுத்தானே என்று நேராக இறங்கிவிடாதீர்கள். நாட்டார் கலை வெளிப்பாடுகளையும் அதே சட்டம் காக்கிறது, வணிக நோக்கில் பயன்படுத்த அனுமதி வேண்டும். ஊர் அண்ணாவியாரிடமோ கோயிலில் பூசை செய்யும் கட்டாடியாரிடமோ போயும் கேளுங்கள். குளிர்த்தி என்பது அந்த ஊருக்கு வழிபாடு. ஆறு தேநீரும் ஒரு நீண்ட பின்னேரமும் செலவாகும், பதிலாக எந்த நூலிலும் இல்லாத இரண்டு மெட்டுக் கிடைக்கும்.

நான்காம் படி: ஒலிப்பதிவு

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைச் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு யேசுசபைத் துறவி ஒலிப்பதிவு செய்தார், அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது என்று இங்கே பெருமையாகச் சொல்வோம். பூரண நிலவு, அலையில்லாத நீர், கல்லடிப் பாலத்தடி, ஊர் உறங்கும் நேரம் எல்லாம் அமைந்தால்தான் அந்த ஒலி பிடிபடும். வீட்டில் பாட்டுப் பதிவு செய்பவருக்கு அந்த மீன்களின் ஒலியைப் பிடித்தவரின் பொறுமை வேண்டும். எங்கள் வீட்டின் ஒலி எதிரிகள் வருமாறு: காகம், மின்விசிறி, கோயில் ஒலிபெருக்கி, பள்ளிவாசல் பாங்கு, பாண் விற்கும் முச்சக்கர வண்டியின் இசை, தகரக் கூரையில் மழை. இரவு பதினொன்றிலிருந்து நாலரை மணி வரை என் நேரம்.

வாங்க வேண்டியவை: மைக்கையும் கிற்றாரையும் கணினியோடு இணைக்கும், இரண்டு உள்ளீடு உள்ள ஓர் ஒலி இடைமுகக் கருவி, ஷூர் எஸ்எம்58 அல்லது எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக் ஒன்று, காதை மூடும் ஹெட்போன், மைக்குக்கு ஒரு தாங்கி. இவ்வளவுதான். விலை கூடிய கொண்டென்சர் மைக் நல்லதுதான், ஆனால் அது காகத்தையும் சேர்த்து அழகாகப் பதியும். டைனமிக் மைக் வாய்க்கு அருகில் இருப்பதையே பெரும்பாலும் கேட்கும். எங்கள் வீடுகளுக்கு அது பெரிய கொடை. போலிகள் நிறையச் சுற்றுகின்றன, கைமாறி வாங்கினாலும் மூலப் பொருளையே வாங்குங்கள். ஒலிப்பதிவு மென்பொருளுக்கு ரீப்பர் என் தெரிவு. அறுபது நாள் பரீட்சித்துப் பார்க்கலாம், பிறகு தனியாளுக்கான உரிமமும் தாங்கக்கூடிய விலை.

அறையை எப்படி அடக்குவது? துணி நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்து அதை நோக்கிப் பாடுங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். வெறுஞ்சுவரின் எதிரொலியைப் பிறகு எந்த மென்பொருளாலும் சுத்தமாகக் கழற்ற முடியாது.

பதிவு 24 பிட்டில், 48 கிலோஹேர்ட்ஸில் இருக்கட்டும். குரலின் உச்சம் மறை பன்னிரண்டுக்கும் மறை ஆறு டெசிபலுக்கும் இடையில் நின்றால் போதும். சிவப்பு விளக்கு எரியும் வரை ஏற்றும் பழக்கம் ஒலிநாடாக் காலத்தின் மிச்சம். முதலில் தாளச் சொடுக்கோடு கிற்றாரும் குரலும் ஒரு வழிகாட்டியாக, அதன்மேல் ட்ரம்ஸ், பிறகு பேஸ், பிறகு உண்மையான கிற்றார், கடைசியில் குரல். ட்ரம்ஸை வீட்டில் பதிவு செய்ய முயன்று அயலவரின் நட்பை இழக்காதீர்கள். அதற்கு மட்டும் ஒரு நாள் ஒலிக்கூடத்தை வாடகைக்கு எடுங்கள். முழுக் குழுவையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு இரவு ரயில் ஏறுவதைவிட இது மலிவு.

கலவை முடிந்ததும் வீட்டுப் பாட்டுப்பெட்டி, கைபேசி, முச்சக்கர வண்டி மூன்றிலும் போட்டுக் கேளுங்கள். முச்சக்கர வண்டியில் வரி விளங்கினால் கலவை சரி. சத்தத்தைக் கண்மூடித்தனமாக ஏற்றவும் வேண்டாம். இணைய இசைச் சேவையான ஸ்பொட்டிஃபை, கேட்பவர் அமைப்பை மாற்றாத வரை, எல்லாப் பாட்டையும் மறை 14 லஃப்ஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்தித்தான் ஒலிக்கவிடுகிறது. நசுக்கி ஏற்றியவருக்கு அங்கே மிஞ்சுவது நசுங்கிய ஒலி மட்டுமே.

பாதுகாப்புப் பற்றி ஒன்று. செருகியின் மூன்றாவது முனையான நிலத்தொடுப்பை (எர்த்) ஒதுக்கிவிட்டுக் கம்பியைச் செருகும் பழக்கம் எங்களிடம் உண்டு. நிலத்தொடுப்பு இல்லாத அம்ப்ளிஃபயரில் கிற்றாரை வைத்துக்கொண்டு மைக்கில் உதடு வைத்தால் மின்சாரம் உங்கள் ஊடாகப் போகும். எனக்கு ஒருமுறை உதடு வெடித்தது, அதிர்ஷ்டம் அவ்வளவோடு விட்டது. கிற்றாரும் மைக்கும் ஒரே நிலத்தொடுப்புள்ள இணைப்பிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். பருவ மாற்றத்து மாலை இடி தொடங்கியதும் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

ஐந்தாம் படி: வெளியிடுதல்

ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்தது 2021இல். தனியாள் அதில் நேரடியாகப் பாட்டை ஏற்ற முடியாது, டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோகச் சேவை ஒன்று வேண்டும். சேவையைத் தெரிவு செய்யும்போது எல்லாரும் ஆண்டுக் கட்டணத்தைப் பார்க்கிறார்கள். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, பணம் இலங்கை வங்கிக் கணக்குக்கு எந்த வழியில் வரும் என்பதை. வழி இல்லாத வருமானம் திரையில் மினுங்கும் இலக்கம் மட்டுமே.

வெளியீட்டுத் திகதிக்கு நான்கு வாரம் முன்பே பாட்டை ஏற்றிவிடுங்கள். ஸ்பொட்டிஃபையின் பட்டியல் தொகுப்பாளர்களுக்குப் பாட்டை முன்வைக்கும் வசதி உண்டு, குறைந்தது ஏழு நாள் முன்பாவது செய்தால் உங்களைப் பின்தொடர்வோரின் புதுப்பாட்டுப் பட்டியலிலும் அது சேரும். அட்டைப்படம் 3000க்கு 3000 படப்புள்ளி. பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதுவது என்று ஒருமுறை முடிவு செய்தால் சாகும்வரை மாற்றாதீர்கள். ஓர் எழுத்து மாறினாலும் நீங்கள் இரண்டு பாடகராகிவிடுவீர்கள்.

வருமானம் பற்றி மயக்கம் வேண்டாம். 2024 முதல் ஸ்பொட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறை ஒலித்தால்தான் பணமே கணக்கிடப்படும். யூடியூப்பில் விளம்பர வருமானத்துக்கு 1000 சந்தாதாரரும், ஓராண்டில் 4000 மணிநேரப் பார்வையோ 90 நாளில் ஒரு கோடி குறுவீடியோப் பார்வையோ வேண்டும், 100 டொலர் சேர்ந்த பிறகே அனுப்புவார்கள். அவர்கள் கேட்கும் அமெரிக்க வரிப் படிவத்தையும் நிரப்புங்கள், தவறினால் கழிவு கூடும். திரைப்பாட்டை றொக்காக்கிப் போட்டுப் பெயர் வாங்குவது சுலபம், ஆனால் உரிமை நிறுவனத்தின் கோரிக்கை விழுந்து வருமானம் அங்கே போய்விடும். நான் கவர் பாடுவது ஆண்டுக்கு ஒன்று, அதுவும் மாமிக்காக.

ஆறாம் படி: அரங்கேற்றம்

அதற்கு முந்தியது அடுக்குப் பார்த்தல். முழுப்பாட்டு வரிசையையும் மேடையில் போலவே நின்று, இடையில் நிறுத்தாமல் பாடிப் பாருங்கள். கம்பி அறுந்தால் அறுந்தபடியே தொடருங்கள். இதை மூன்றுமுறை செய்யாமல் மேடைக்குப் போக வேண்டாம்.

நாட்காட்டியைச் சுவரில் மாட்டுங்கள். இந்த ஊரில் இசைக்கு மழைதான் எசமான். கார்த்திகை முதல் தை வரை மாரி, அது எழுதவும் பழகவும் உகந்த காலம். மாசி, பங்குனியில் பதிவு. சித்திரைக்குப் பிறகு வானம் திறந்த மேடையாகிறது, பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் விருந்தினர் வரும் காலமும் அதுதான். அறுகம்பையில் அலைச்சறுக்கல் காலம் ஏறத்தாழ ஒக்டோபர் வரை நீளும். மட்டக்களப்பிலிருந்து அறுகம்பையை அடுத்த பொத்துவிலுக்கு நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட, ஒரே கடற்கரை வீதி. அங்குள்ள விடுதிகள் பழகிய ஆங்கிலப் பாட்டைக் கேட்பார்கள். பத்துக்கு மூன்று சொந்தப் பாட்டு என்று பேரம் பேசுங்கள், தமிழில் என்ன பாடினாலும் வெள்ளைக்காரருக்கு அது புதிது.

வைகாசியில் கண்ணகி சடங்கு நடக்கும் ஊருக்குள் ட்ரம்ஸோடு போகாதீர்கள். நோன்பு மாதத்தில் காத்தான்குடி, கல்முனைப் பக்கம் நிகழ்ச்சி வைக்காதீர்கள். பரீட்சைக் காலத்தில் எங்குமே வேண்டாம், பெற்றோரின் சாபம் இசையைவிட உரத்தது. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுங்கள், கடிதத்தை ஒரு வாரம் முன்பே கொடுங்கள். டிக்கெட் விற்றால் உள்ளூராட்சிச் சபையில் களியாட்ட வரி பற்றிக் கேளுங்கள். அரங்கேற்றத்துக்குச் சிறிய இடமே நல்லது. நாற்பது பேர் நெருக்கி நிற்கும் வாசிகசாலை மண்டபம், நாற்பது பேர் சிதறி நிற்கும் கடற்கரையைவிடப் பத்து மடங்கு சூடானது.

ஏழாம் படி: வீட்டுக்கு வீடு

அரங்கேற்றம் முடிந்த பிறகு கூத்தர்கள் வீடு வீடாகப் போய் ஆடுவார்கள், வீட்டார் மனம்போல் பணமும் பொருளும் கொடுப்பார்கள். தனி இசைஞருக்கு உண்மையான வருமானம் இங்கேதான் இருக்கிறது என்பது என் அனுபவம். மின்கிற்றாரை வைத்துவிட்டுச் சாதாரணக் கிற்றாரோடு முற்றத்தில் அரை மணிநேரம் பாடுங்கள். பிறந்தநாள், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்த வீடு, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியரின் பாராட்டு, எதுவும் சரி. கட்டணம் சொல்லாமல் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் பாடினேன், கட்டணம் கேட்ட இடங்களைவிடப் பெட்டி வைத்த இடங்களில் கூடக் கிடைத்தது. வீடியோ எடுக்கும் உறவினர் ஒருவர் எப்போதும் இருப்பார். அது அன்றிரவே ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் வட்ஸ்அப்பில் போய்விடும். அடுத்த ஆவணி விடுமுறைக்கு யார் வீட்டில் பாட வேண்டும் என்பது அங்கேதான் தீர்மானமாகும்.

இடையிடையே கிற்றார் வகுப்பு, விழிப்புணர்வுப் பாடல் எழுதித் தரும் வேலை, கடைத் திறப்பு விளம்பரப் பாட்டு எல்லாம் வரும். வெட்கப்படாமல் செய்யுங்கள், ஆனால் எழுதித் தருவதற்கு முன் பாதிப் பணத்தைக் கையில் வாங்குங்கள். கிடைப்பதை மூன்றாகப் பிரிப்பேன்: குழுவுக்கு ஒன்று, அடுத்த பதிவுக்கு ஒன்று, கம்பிக்கும் கேபிளுக்கும் ஒன்று. மூன்றாவதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். கடற்காற்று உப்பு இரண்டு மாதத்தில் கம்பியைத் துருவாக்கிவிடும். பாடி முடித்ததும் வெற்றிலை மணக்கும் முற்றத்தில் எல்லாரும் கதைத்துக்கொண்டிருக்க, நான் ஒரு பழைய பனியன் துணியால் ஆறு கம்பியையும் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருப்பேன்.